வேட்புமனுவின் உள்ளே

நுழையும்முன்

வாக்களிப்பதன் இன்றியமையாமையைப் பள்ளிப் பாடங்கள் பலவும் எடுத்துரைக்கின்றன. வாக்குப்பதிவு எந்திரத்தில் ஒரு பெயர் இடம்பெறுவதற்கு முன்னர் நிகழ்வன பற்றிய செய்திகள் அந்த அளவிற்கு அறியப்படவில்லை. பதினெட்டு வயதில் வாக்குரிமை வருகிறது. இருபத்தொரு வயதில் உள்ளாட்சி அமைப்பில் போட்டியிடும் உரிமை வருகிறது. இரண்டிற்கும் இடைவெளி மூன்றே ஆண்டுகள். இரண்டாவது உரிமைக்கான வாயில், சில பக்கங்களே கொண்ட வேட்புமனு என்னும் தாள். அத்தாளில் கேட்கப்படுவன யாவை, ஏன் கேட்கப்படுகின்றன, அவற்றிற்கு உண்மையல்லாத விடை எழுதினால் நேர்வது யாது என்பவற்றைக் கோவை வட்டார நிகழ்வுகள் வழியே இப்பாடம் விளக்குகிறது.

*

2022ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28ஆம் நாள். கோயம்புத்தூர் மாநகராட்சியின் மண்டல அலுவலகங்களில் காவலர்கள் நின்றிருந்தனர். தமிழ்நாட்டின் 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், பேரூராட்சிகள் ஆகியவற்றிற்கான தேர்தல் அறிவிக்கப்பட்டு, மனுத்தாக்கல் தொடங்கிய நாள் அது. கோவை மாநகரில் மட்டும் நூறு வார்டுகள். பெருந்தொற்றுக் காலமாதலால் வேட்பாளருடன் உள்ளே வருவோர் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இருந்தது. பிப்ரவரி 4ஆம் நாள் மாலையோடு மனுத்தாக்கல் முடிந்தது. 5ஆம் நாள் மனுக்கள் ஆராயப்பெற்றன. 7ஆம் நாள் வரை அவற்றைத் திரும்பப் பெறலாம் என அறிவிக்கப்பட்டிருந்தது. பிப்ரவரி 19இல் வாக்குப்பதிவும் 22இல் வாக்கு எண்ணிக்கையும் நடைபெற்றன. மார்ச் 4ஆம் நாள் மாமன்ற உறுப்பினர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுத்தனர். கோவை மாநகராட்சியின் முதற்பெண் மேயர் அன்று பொறுப்பேற்றார்.

மனுத்தாக்கல் நாள்களைச் செய்தித்தாள்கள் ஊர்வலங்களாகவும் மாலைகளாகவுமே காட்டுகின்றன. ஊர்வலம் அலுவலக வாயிலோடு நின்றுவிடும். உள்ளே மேசையின் ஒருபுறம் தேர்தல் நடத்தும் அலுவலர், மறுபுறம் வேட்பாளர், நடுவில் ஒரு தாள். உண்மையான தேர்தல் அங்கேதான் தொடங்குகிறது.

சொல்லின் கதை

வேட்பு என்பதற்கு விருப்பம் என்பது பொருள். வேள் என்னும் அடியிலிருந்து பிறந்தது இச்சொல். வேட்கை, வேட்டல் முதலிய சொற்களும் இவ்வடியைச் சேர்ந்தவையே. பதவியை விரும்பி நிற்பவர் வேட்பாளர். தம் விருப்பத்தை எழுத்தில் தெரிவிப்பது வேட்புமனு. கேண்டிடேட் என்னும் ஆங்கிலச் சொல்லின் கதை வேறு. பண்டைய உரோம் நகரில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் சுண்ணம் பூசி வெளுத்த மேலாடையை அணிந்து மக்கள்முன் வந்தனர். வெண்மையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே பின்னர்ப் போட்டியிடுவோரைக் குறிப்பதாயிற்று. தமிழ்நாட்டின் வெள்ளை வேட்டியை இங்கு நினைத்துக்கொள்வோர் புன்னகை புரியலாம். ஆடையின் வெண்மையை எவரும் விலைக்கு வாங்கிவிட முடியும் என்பதால்தான், பிற்காலச் சட்டங்கள் ஆடையை விடுத்துத் தாளைக் கேட்கத் தொடங்கின.

மனு என்னும் சொல்லும் கருதத்தக்கது. அலுவலகங்களில் மனுக் கொடுப்பவர் குடிமக்கள். பெறுபவர் அதிகாரம் உடையவர். நாளை அதிகாரத்தில் அமரப்போகும் ஒருவர் முதலில் மனுதாரராக நிற்க நேர்வது மக்களாட்சியின் அழகுகளுள் ஒன்று.

நகர்மன்றமும் நகரும்

கோவை நகராட்சி 1866இல் தோற்றுவிக்கப்பட்டது. இராபர்ட் ஸ்டேன்ஸ் அதன் முதல் தலைவர். தொடக்கத்தில் உறுப்பினர்களை அரசே நியமித்தது. பின்னர்த் தேர்தல் வந்தபோதும் நெடுங்காலம் வரி செலுத்துவோர்க்கும் சொத்துடையோர்க்கும் மட்டுமே வாக்கு இருந்தது. அந்த மன்றத்தில் உறுப்பினராக இருந்தவர்களுள் ஒருவர் சே. ப. நரசிம்மலு நாயுடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் சிறுவாணி நீரை நகருக்குக் கொண்டுவரலாம் என்னும் எண்ணத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே முன்வைத்தவர் அவர். பல்லாண்டுகளுக்குப் பின்னரே அவ்வெண்ணம் நிறைவேறியது. அம்முயற்சியில் முன்னின்ற நகராட்சித் தலைவர் இரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத்தான் இன்று ஆர்.எஸ்.புரம் தாங்கி நிற்கிறது. குடிநீருக்கு அலைந்த ஓர் ஊரில், நகர்மன்ற உறுப்பினர் யார் என்பது சிறிய வினாவன்று.

1981இல் கோவை மாநகராட்சியாக உயர்ந்தது. 2011இல் அண்டை உள்ளாட்சிகளை இணைத்துக்கொண்டு நூறு வார்டுகளாக விரிந்தது. இதற்கிடையே, 1993 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 74ஆவது திருத்தம், நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு ஐந்தாண்டிற்கு ஒருமுறை தேர்தல் நடத்துவதைக் கட்டாயமாக்கியது. அத்தேர்தலை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம் அன்று. ஒவ்வொரு மாநிலத்திற்கும் தனித்தனியே அமைந்த மாநிலத் தேர்தல் ஆணையம். தமிழ்நாட்டில் இவ்வாணையம் 1994இல் அமைக்கப்பட்டது. சட்டமன்றத் தேர்தலின் விதிகளையே உள்ளாட்சித் தேர்தலுக்கும் பொருத்திக்கொள்வோர் பலர். இரண்டும் பல இடங்களில் ஒத்திருப்பினும் ஒன்றல்ல.

ஐந்தாண்டிற்கு ஒருமுறை என்னும் விதி ஏட்டளவில் நின்ற காலமும் உண்டு. 2016 அக்டோபரில் தேர்தல் நடத்த அறிவிக்கை வெளியாகி, செப்டம்பர் 26 முதல் அக்டோபர் 3 வரை வேட்புமனுக்கள் பெறப்பட்டன. மறுநாள், அக்டோபர் 4இல், சென்னை உயர்நீதிமன்றம் அவ்வறிக்கையை நீக்கியது. பழங்குடியினர்க்கான இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்பது வழக்கின் மையம். தமிழ்நாடெங்கும் தாக்கல் செய்யப்பட்டிருந்த மனுக்கள் அத்தனையும் பயனற்ற தாள்களாயின. அதன்பின் 2022 மார்ச் வரை கோவைக்கு மாமன்றம் இல்லை. தனி அலுவலரே நகரை நடத்தினார். ஐந்தாண்டுகளுக்கும் மேலாகத் தெருவிளக்கு எரியாவிடினும் சாக்கடை நிரம்பினும் வார்டு உறுப்பினர் என ஒருவரைத் தேடிச் செல்ல மக்களுக்கு வழியிருக்கவில்லை.

யார் நிற்கலாம்?

போட்டியிடுபவர் 21 வயது நிறைவுற்றவராக இருத்தல் வேண்டும். சட்டமன்றத்திற்கும் மக்களவைக்கும் 25 வயது தேவை. உள்ளாட்சிக்கு நான்கு ஆண்டுகள் குறைவு. கல்லூரியை விட்டு வெளிவரும் வயதிலேயே ஒருவர் மாமன்றத்தில் அமரலாம் என்பதே அரசமைப்புச் சட்டத்தின் கருத்து.

அவர் பெயர் அந்த மாநகராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருத்தல் வேண்டும். தாம் குடியிருக்கும் வார்டில்தான் நிற்க வேண்டும் என்பதில்லை. சிங்காநல்லூரில் வாக்குரிமை உள்ளவர் வடவள்ளிப் பகுதி வார்டிலும் போட்டியிடலாம். ஆனால் அவரை முன்மொழிபவர், போட்டியிடும் வார்டின் வாக்காளராகவே இருத்தல் வேண்டும். இவ்விரு விதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் சட்டத்தின் நோக்கம் புலப்படும். வெளியிலிருந்து வருபவரைச் சட்டம் தடுக்கவில்லை; அவரை அறிந்தவர் என்று கையொப்பமிட அந்த வார்டில் ஒருவரேனும் இருக்கிறாரா என்றுமட்டும் கேட்கிறது. முன்மொழிபவரின் பட்டியல் எண்ணைத் தவறாக எழுதுவதும், அடுத்த வார்டினரை முன்மொழியச் செய்வதும் மனுவைச் சிக்கலில் தள்ளும். வார்டு எல்லைகள் மாற்றியமைக்கப்பட்ட பின் நடைபெறும் தேர்தலில் இப்பிழை எளிதில் நேரும். நேற்றுவரை ஒரே வார்டாக இருந்த தெருவின் இருபுறமும் இன்று இரு வார்டுகளாக இருக்கக்கூடும்.

வார்டு ஒதுக்கீட்டுக்குரியதாயின் அதற்குரிய தகுதியும் காட்டப்பட வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்ட வார்டுகளில் சாதிச் சான்றிதழ் இன்றியமையாதது. பெண்களுக்கான ஒதுக்கீடு தமிழ்நாட்டில் 2016இல் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதியாக உயர்த்தப்பட்டது. நூறு வார்டுகள் கொண்ட கோவை மாமன்றத்தில் பாதி இடங்கள் இன்று பெண்களுக்கு உரியவை. பெண்ணின் பெயரில் மனுவை நிரப்பி, பெண்ணின் பெயரால் தாமே பதவியை நடத்தும் ஆண்கள் இன்றும் இல்லாமலில்லை. சட்டம் அறிந்த வேட்பாளர் மனுவின் ஒவ்வொரு வரியையும் தாமே படித்த பின்னரே கையொப்பமிடுவார். அதிலுள்ள பிழைக்கு விடை சொல்ல வேண்டியவர் எழுதியவர் அல்லர், கையொப்பமிட்டவரே.

இனி, நிற்கக் கூடாதவர் யார் என்பது. மாநகராட்சியிலோ அரசிலோ ஊதியம் பெறும் பணியில் இருப்பவர் நிற்க இயலாது. மாநகராட்சியோடு நடப்பில் ஒப்பந்தம் உடையவரும் நிற்க இயலாது. சாலை போடும் ஒப்பந்தக்காரரே அச்சாலைக்கான தொகைக்கு ஒப்புதல் அளிக்கும் மன்றத்திலும் அமர்ந்தால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மாநகராட்சிக்குச் செலுத்த வேண்டிய வரியைக் கேட்பு வந்த பின்னரும் செலுத்தாது நிலுவையில் வைத்திருப்பவருக்கும் தகுதியில்லை. ஆகவேதான் தேர்தல் அறிவிப்பு வந்தவுடன் வரி வசூல் மையங்களில் திடீரெனச் சிலர் ஆர்வத்தோடு வரிசையில் நிற்பதைக் காண முடிகிறது. சொத்துவரி, குடிநீர்க் கட்டணம், தொழில்வரி ஆகியவற்றின் பற்றுச்சீட்டுகளை ஆண்டுதோறும் ஒழுங்காக வைத்திருப்பவருக்கு அந்த நெருக்கடி இல்லை.

வைப்புத்தொகையும் மொடக்குறிச்சியும்

மனுவோடு வைப்புத்தொகை செலுத்தப்பட வேண்டும். 2022ஆம் ஆண்டுத் தேர்தலில் மாநகராட்சி வார்டுக்கு 4,000 ரூபாய், நகராட்சி வார்டுக்கு 2,000 ரூபாய், பேரூராட்சி வார்டுக்கு 1,000 ரூபாய் என்று இது வரையறுக்கப்பட்டிருந்தது. ஆதிதிராவிடர்க்கும் பழங்குடியினர்க்கும் இதில் பாதி.

விருப்பத்தைத் தெரிவிப்பதற்குப் பணம் எதற்கு என்னும் வினா எழுவது இயல்பு. இதற்கான விடையைத் தேடிக் கொங்கு நாட்டைவிட்டு வெளியே செல்ல வேண்டியதில்லை. 1996ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சித் தொகுதியில் களத்தில் நின்றவர்கள் 1,033 பேர். தங்கள் கோரிக்கைகள் கேட்கப்படவில்லை என்னும் மனக்குறையை நாட்டிற்கு உணர்த்த உழவர்கள் கண்ட வழி அது. அன்று சட்டமன்ற வேட்பாளர் செலுத்த வேண்டிய வைப்புத்தொகை 250 ரூபாய் மட்டுமே. மனுவையே கோரிக்கை மனுவாக மாற்றிவிட்டனர் அவர்கள். வாக்குச்சீட்டு ஒற்றைத் தாளில் அடங்காமல் புத்தகமாக அச்சிடப்பட்டது. அதனை மடித்துப் போடுவதற்கேற்ற பெட்டிகளும் பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கான கூடுதல் நேரமும் தேவைப்பட்டன. வாக்குப்பதிவே தள்ளிவைக்கப்பட்டது. மிகப் பெரும்பாலோர் வைப்புத்தொகையை இழந்தனர்.

அதே ஆண்டில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டது. சட்டமன்ற வேட்பாளருக்கான வைப்புத்தொகை 5,000 ரூபாயாக உயர்ந்தது; பின்னர் அது 10,000 ஆயிற்று. ஏற்பளிக்கப்பட்ட கட்சியைச் சாராத வேட்பாளருக்குப் பத்துப்பேர் முன்மொழிய வேண்டும் என்னும் விதியும் சேர்ந்தது. மொடக்குறிச்சி மட்டுமே இத்திருத்தத்திற்குக் காரணம் என்று கூறுவதற்கில்லை. நாட்டின் வேறு சில தொகுதிகளிலும் அவ்வாண்டு வேட்பாளர் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் சென்றது. ஆயினும் வைப்புத்தொகை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் முதலில் எடுத்துக்காட்டப்படுவது இவ்வூரின் பெயரே.

உழவர்களின் செயல் தேர்தல் முறையைக் கேலிசெய்வது என்றனர் சிலர். வேறு வழியற்றோரின் அறவழிப் போராட்டம் என்றனர் சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. தொகையை உயர்த்தியமையால் விளையாட்டு வேட்பாளர்கள் குறைந்தனர். கைத்தறி நெசவாளரும் பஞ்சாலைத் தொழிலாளியும் நிற்க எண்ணும்போது கையிருப்பைப் பார்க்க வேண்டியதாயிற்று. உள்ளாட்சித் தேர்தலில் இத்தொகை சட்டமன்றத்தைவிடக் குறைவாக வைக்கப்பட்டிருப்பது அந்த வகையில் பொருத்தமானதே.

தெரிந்து தெளிவோம்

வைப்புத்தொகை, செலவு வரம்பு ஆகியவை தேர்தலுக்குத் தேர்தல் மாறக்கூடியவை. இப்பாடத்தில் உள்ள தொகைகள் 2022ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு உரியவை. கோவை மாநகராட்சிக்கென 1981இல் இயற்றப்பட்ட தனிச்சட்டத்தின் இடத்தில், 2023 ஏப்ரல் முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம், 1998 நடைமுறையில் உள்ளது. தேர்தல் காலத்தில் மாநிலத் தேர்தல் ஆணையம் வெளியிடும் அறிவிக்கையே இறுதியானது.

உறுதிமொழி ஆவணம்

வேட்புமனுவின் உயிர்நிலை, அதனோடு இணைக்கப்படும் உறுதிமொழி ஆவணம். தம்மீதுள்ள குற்ற வழக்குகள், பெற்ற தண்டனைகள், தம்முடைய, வாழ்க்கைத்துணையின், தம்மைச் சார்ந்திருப்போரின் சொத்துகள், கடன்கள், தம் கல்வித்தகுதி ஆகியவற்றை வேட்பாளர் அதில் உறுதிமொழிந்து கையொப்பமிட வேண்டும். கல்வித்தகுதி கேட்கப்படுவதால் படிப்பு ஒரு நிபந்தனை என்று கருதிவிடலாகாது. பள்ளிக்கே செல்லாதவரும் நிற்கலாம். செல்லவில்லை என்பதை எழுதினால் போதும். அவ்வாறே வழக்கு நிலுவையில் இருப்பதனாலேயே ஒருவர் தகுதியிழப்பதில்லை. சட்டம் கேட்பது மறைக்காமையை மட்டுமே.

இந்நடைமுறை பழமையானதன்று. வேட்பாளரின் பின்னணியை அறிவது வாக்காளரின் உரிமை என்று 2002 மே 2ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு தரும் கருத்துரிமையிலிருந்தே இவ்வுரிமை கிளைக்கிறது என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. வாக்களிப்பதும் ஒரு கருத்தை வெளியிடுவதே. அறியாதவரைப் பற்றிக் கருத்துக் கூற இயலாது. அவ்வுரிமையைச் சுருக்க முயன்ற சட்டத்திருத்தத்தை 2003 மார்ச்சில் அதே நீதிமன்றம் செல்லாததாக்கியது. தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையமும் அவ்வாண்டிலேயே உள்ளாட்சித் தேர்தல்களுக்கு இவ்விவரங்களைக் கட்டாயமாக்கி ஆணையிட்டது. மாநகராட்சி வார்டாயினும் சிற்றூராட்சியாயினும் இவ்விவரங்களை அளித்தல் வேண்டும். இக்கடமை எவ்வளவு ஆழமானது என்பதை நாட்டிற்கு உணர்த்திய வழக்கு, கோவை மாவட்டத்தின் ஓர் ஊராட்சியிலிருந்தே புறப்பட்டது.

தேக்கம்பட்டி வழக்கு

மேட்டுப்பாளையத்திற்கு அருகில் பவானியாற்றங்கரையில் உள்ளது தேக்கம்பட்டி. கோயில் யானைகளின் புத்துணர்வு முகாம் நடைபெற்ற ஊர் என்றால் பலருக்கு நினைவு வரும். 2006 அக்டோபர் 13ஆம் நாள் அவ்வூராட்சித் தலைவர் பதவிக்குத் தேர்தல் நடந்தது. வெற்றிபெற்றவர் தம் உறுதிமொழி ஆவணத்தில் ஒரு குற்ற வழக்கைக் குறிப்பிட்டிருந்தார். அதனோடு தொடர்புடைய வேறு பல வழக்குகளும் அவர்மீது நிலுவையில் இருந்தன. அவற்றை அவர் எழுதவில்லை. தோற்றவர் தரப்பு தேர்தல் வழக்குத் தொடுத்தது. சட்ட நூல்கள் இவ்வழக்கை வழக்காடியோர் பெயரால் குறிக்கின்றன. இங்கு ஊரின் பெயரே போதும்.

வழக்கின் வினா நுட்பமானது. அவர் பொய் எழுதவில்லை; ஒன்றை எழுதினார், மற்றவற்றை விட்டுவிட்டார். எழுதாமல் விடுவது ஏமாற்றுவதாகுமா? பணம் கொடுக்கவில்லை, அச்சுறுத்தவில்லை, கள்ளவாக்குப் போடவில்லை. மக்கள் தம் விருப்பப்படியே வாக்களித்தனர். அவ்வாறிருக்க, இதனைத் தேர்தல் முறைகேடு என எவ்வாறு கொள்வது?

தேர்தல் செல்லாது என்று முதலில் விசாரித்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயர்நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 2015 பிப்ரவரி 5ஆம் நாள் நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, பிரபுல்ல சந்திர பந்த் ஆகியோர் அடங்கிய அமர்வு மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. தம்மீதுள்ள வழக்குகள் வேட்பாளர் ஒருவருக்கே நன்கு தெரிந்தவை. அவற்றை அவர் மறைக்கும்போது வாக்காளரின் அறிந்து தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பறிபோகிறது. வாக்காளரின் உரிமையில் இவ்வாறு தலையிடுவது, அச்சுறுத்தலைப்போலவே முறையற்ற செல்வாக்கைச் செலுத்துவதாகும். எனவே அது தேர்தல் ஊழல் நடவடிக்கையே என்பது அத்தீர்ப்பின் சாரம். மக்கள் விருப்பப்படியே வாக்களித்தனர் என்னும் வாதத்திற்கு இதில் விடை அடங்கியுள்ளது. செய்தி மறைக்கப்பட்ட நிலையில் தோன்றும் விருப்பம் முழுமையான விருப்பம் அன்று.

ஒரு குறை மட்டும் எஞ்சி நின்றது. அந்தப் பதவியின் ஐந்தாண்டுக் காலம் 2011இலேயே முடிந்துவிட்டது. இறுதித் தீர்ப்பு வந்ததோ 2015இல். தேக்கம்பட்டி வாக்காளர்களுக்கு அத்தீர்ப்பால் கிடைத்தது காலம் கடந்த நீதியே. ஆயினும் தீர்ப்பு அவ்வூரோடு நிற்கவில்லை. சிற்றூராட்சித் தலைவர் தேர்தலில் பிறந்த நெறி, சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் வழக்குகளிலும் எடுத்தாளப்படுகிறது.

கூராய்வு நாள்

மனுத்தாக்கல் முடிந்த மறுநாள் மனுக்கள் வேட்பாளர்கள் முன்னிலையில் ஒவ்வொன்றாக ஆராயப்படும். ஒருவர் மனுமீது மற்றவர் தடை கூறலாம். தடைக்கு விடை கூறவும் வாய்ப்புண்டு. எழுத்துப்பிழை, பெயரின் முன்னெழுத்து வேறுபாடு போன்ற சிறு குறைகளுக்காக மனுவைத் தள்ளுதல் கூடாது. தகுதியைத் தொடும் குறையே தள்ளுபடிக்குக் காரணமாகும். எது சிறிது, எது பெரிது என்று முடிவெடுக்கும் அலுவலரின் பொறுப்பு எளிதானதன்று. அவர் ஏற்றதையும் மறுத்ததையும் உடனே நீதிமன்றம் சென்று மாற்றிவிட இயலாது. தேர்தல் முடிந்த பின் தேர்தல் வழக்கின் வழியாகவே அணுக முடியும்.

வெற்றிடங்கள் பற்றித் தெளிவு தேவை. உறுதிமொழி ஆவணத்தில் விடை எழுதாமல் விட்ட இடம் வாக்காளரின் அறியும் உரிமையை வெறுமையாக்குகிறது என்று 2013 செப்டம்பரில், நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல் தொடர்பான வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் கூறியது. வெற்றிடத்தை நிரப்புமாறு தேர்தல் நடத்தும் அலுவலர் நினைவூட்ட வேண்டும். அதன் பின்னரும் நிரப்பப்படாவிடின் மனு தள்ளுபடிக்கு உரியது. வழக்கு ஏதுமில்லை எனில் ‘இல்லை’ என்று எழுதுதல் வேண்டும். கோடு கிழிப்பதும் வெறுமனே விடுவதும் ‘இல்லை’ ஆகா. தேர்வெழுதும் மாணவர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

மனுவைத் திரும்பப் பெறும் நாள் கடந்ததும் இறுதிப் பட்டியல் வெளியாகும். கட்சி சாராத சுயேச்சைகளுக்கு ஆணையத்தின் பொதுச் சின்னங்களிலிருந்து ஒன்று ஒதுக்கப்படும். ஒரே சின்னத்தைப் பலர் கேட்டால் குலுக்கல். அன்று மாலையே சுவர்களிலும் துண்டறிக்கைகளிலும் சின்னங்கள் தோன்றிவிடுகின்றன. உறுதிமொழி ஆவணம் மட்டும் அலுவலக அறிவிப்புப் பலகையிலும் ஆணையத்தின் இணையதளத்திலும் படிப்பவரை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. அதனைத் தேடிப் படிக்கும் வாக்காளர் மிகச் சிலரே. தேக்கம்பட்டித் தீர்ப்பு காத்துத் தந்தது அவ்வாறு படிக்கும் உரிமையைத்தான்.

கணக்கு

வேட்புமனுவில் தொடங்கிய எழுத்துப்பணி வாக்கு எண்ணிக்கையோடு முடிவதில்லை. வேட்பாளர் தம் தேர்தல் செலவுகளை நாள்தோறும் எழுதி வைத்தல் வேண்டும். 2022இல் கோவை மாநகராட்சி வார்டு வேட்பாளருக்கான செலவு வரம்பு 85,000 ரூபாய். முடிவு அறிவிக்கப்பட்ட 30 நாள்களுக்குள் பற்றுச்சீட்டுகளோடு கணக்கை ஒப்படைக்க வேண்டும். வென்றவர், தோற்றவர், வைப்புத்தொகை இழந்தவர் என்னும் வேறுபாடு இதில் இல்லை. தோற்றவர்களே பெரும்பாலும் இதனை மறந்துவிடுகின்றனர். தகுந்த காரணமின்றிக் கணக்கைத் தாக்கல் செய்யாதவரை மூன்றாண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்ய ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு. அதனால் அடுத்த தேர்தலில் மனுவளிக்கச் செல்லும்போது பழைய கணக்கு குறுக்கே நிற்கக்கூடும்.

கணக்குக் காட்டாதவரை விலக்கும் வழக்கம் தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டன. ஊர்ச்சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதற்கான விதிகள் அவற்றில் உள்ளன. இரண்டாவது கல்வெட்டு 35 முதல் 70 வரையிலான வயதையும், வரி செலுத்தும் கால்வேலி நிலத்தையும், சொந்த மனையில் கட்டிய வீட்டையும், மறைநூல் பயிற்சியையும் தகுதிகளாகக் கேட்கிறது. பெண்களுக்கும் நிலமற்றோர்க்கும் அதில் இடமில்லை. அது அந்தணர் ஊர் ஒன்றின் சபை. இன்றைய வேட்புமனுவோ நிலத்தையும் நூற்பயிற்சியையும் தகுதியாகக் கொள்வதில்லை. ஆனால் ஒன்றில் அக்கல்வெட்டு இன்றைய சட்டத்தைவிடக் கடுமையானது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரையும், தாய்வழி, தந்தைவழி மக்கள் ஈறாக, ஒவ்வொருவராக எண்ணி விலக்கி வைக்கிறது. இன்றைய சட்டம் உறவினரை விட்டுவிட்டது. கையொப்பமிட்டவரை மட்டும் பிடித்துக்கொண்டது.